26 பேரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்

வாசகர் ஒருவரின் கேள்வி: "கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவன் நான். ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டியான யூரோ 2024-ன் இறுதியாட்டத்தை நண்பர்களோடு பார்த்தபோது ஸ்பெயின் அணியில் லமீன் யமால் ஒருவரைத்தான் அடையாளம் தெரிந்தது. மற்றவர்கள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கத்த, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடுத்த பெரிய போட்டிக்குள் ஏதாவது ஓர் அணியின் முக்கிய ஆட்டக்காரர்களையாவது தெரிந்துகொள்ள ஆசை. தினமும் அரைமணி நேரம் ஒதுக்க முடியும். எங்கே ஆரம்பிப்பது?"

நீங்கள் ஸ்பெயினைச் சொன்னதால் அந்த அணியையே எடுத்துக்கொள்வோம். வேறு எந்த அணிக்கும் இதே வழிதான்.

முதலில், கோல் கணக்கைத் தேடிப் போகாதீர்கள். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஸ்கோர்கார்டைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் உண்டு. கால்பந்தில் அது பாதி வேலைக்குக்கூட உதவாது. அந்த யூரோவில் ஸ்பெயினின் நடுகள ஆட்டக்காரர் ரோட்ரி அடித்தது ஒரே ஒரு கோல், அதுவும் ஜார்ஜியாவுக்கு எதிராக. ஆனால் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். அதே ஆண்டு உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருதும் அவருக்கே போனது. மறுபக்கம், தலா மூன்று கோலோடு ஆறு பேர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரான டானி ஓல்மோ, ஸ்பெயினின் முதல் ஆட்டத்தில் ஆரம்பப் பதினொருவரில்கூட இல்லை.

அப்படியென்றால் யார் முக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இவர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் யார் இறங்குவார், அப்போது அணியின் ஆட்டம் எவ்வளவு மாறும்? ஆட்டம் தலைகீழாக மாறிவிடும் என்றால் அவர் அச்சாணி. அவ்வளவாக மாறாது என்றால் அவர் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் இரண்டாம் வரிசைதான். இதைச் செய்யும்போதே மாற்று ஆட்டக்காரரின் பெயரும் மனதில் பதிந்துவிடும். ஆகவே பெயர்களைத் தனித்தனியாகப் படிக்காமல் இரண்டிரண்டாகப் படியுங்கள்.

ஓர் உதாரணம். 2024 ஜூலை 5, ஸ்டுட்கார்ட். ஜெர்மனிக்கு எதிரான காலிறுதி. எட்டாவது நிமிடத்திலேயே ஜெர்மனியின் டோனி குரூஸ் மோதியதில் காயம்பட்டு பெட்ரி வெளியேறினார். அவருக்குப் பதில் வந்த ஓல்மோ 51-வது நிமிடத்தில் கோல் அடித்தார். 63-வது நிமிடத்தில் யமாலை வெளியே எடுத்துவிட்டார் பயிற்சியாளர். 80-வது நிமிடத்தில் நிக்கோ வில்லியம்ஸும் கேப்டன் மொராட்டாவும் போனார்கள். 89-ல் ஜெர்மனியின் விர்ட்ஸ் சமன் செய்ய, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 119-வது நிமிடத்தில் ஓல்மோ தூக்கிக் கொடுத்த பந்தை மிக்கேல் மெரினோ தலையால் முட்டி உள்ளே தள்ளினார். போட்டிக்கு முன் போஸ்டர்களில் சிரித்த முகங்களில் பாதி அப்போது பெஞ்சில் இருந்தன. மைதானத்தில் கடைசிவரை நின்றவர் ரோட்ரி. யமாலின் பெயர் மட்டும் தெரிந்து இந்த ஆட்டத்தைப் பார்த்தவருக்குக் கடைசி ஒரு மணி நேரம் யார் ஆடுகிறார்கள் என்றே புரிந்திருக்காது.

(கோல் அடித்ததும் மெரினோ கார்னர் கொடியைச் சுற்றி ஓடினாரே, கவனித்தீர்களா? அவருடைய அப்பா 1991-ல் ஒசாசுனா அணிக்காக இதே மைதானத்தில் கோல் அடித்துவிட்டு இப்படித்தான் ஓடினார். இந்த மாதிரி ஒரு சின்னக் கதை கிடைத்தால் பிறகு அந்தப் பெயர் மறக்கவே மறக்காது. யமால் கோல் அடித்ததும் விரல்களால் காட்டும் 304-ம் அப்படித்தான். அவர் வளர்ந்த ரோக்காஃபோண்டா பகுதியின் அஞ்சல் குறியீட்டில் கடைசி மூன்று எண்கள் அவை.)

சரி, 26 பேர் கொண்ட அணிப் பட்டியல் வெளியானதும் என்ன செய்வது? பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கிளப்பைப் பாருங்கள். தேசிய அணிகள் சேர்ந்து பயிற்சி செய்யும் நாட்கள் குறைவு. அதனால் ஒரே கிளப்பில் ஆண்டு முழுக்கச் சேர்ந்து ஆடுகிறவர்கள் அணிக்குள் ஒரு தயார்நிலைக் கூட்டணி. 2024 ஸ்பெயின் பட்டியலில் ரியல் சோசியடாட் கிளப்பிலிருந்து மட்டும் ஐந்து பேர்: ரெமிரோ, லெ நோர்மாண்ட், மெரினோ, சுபிமெண்டி, ஒயார்சபால். பார்சிலோனா, ரியல் மாட்ரிட் என்று மட்டும் தேடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இங்கேதான். காலிறுதியை வென்று கொடுத்த மெரினோ, இறுதியாட்டத்தில் இரண்டாம் பாதி முழுக்க ரோட்ரியின் இடத்தில் ஆடிய சுபிமெண்டி, 86-வது நிமிடத்தில் கோப்பையை உறுதி செய்த ஒயார்சபால் மூவரும் அந்த ஐவரில் அடக்கம்.

அப்புறம் பயிற்சியாளர். இவரை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் அணியில் யாரை நம்புவார் என்பதற்கு அவருடைய பழைய கணக்கே சாட்சி. லூயிஸ் டி லா ஃபுவென்டே 2015-ல் 19 வயதுக்குட்பட்டோர் யூரோவை வென்றபோது உனாய் சிமோன், ரோட்ரி, மெரினோ அவர் அணியில் இருந்தார்கள். 2019-ல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோவை வென்றபோது ஃபேபியன் ரூயிஸ், ஓல்மோ, ஒயார்சபால் இருந்தார்கள். 119-வது நிமிடத்தில் மெரினோ களத்தில் இருந்தது அதிர்ஷ்டம் மட்டுமல்ல, ஒன்பது ஆண்டுப் பழக்கமும் கூட.

இனி உங்கள் அரைமணி நேரம். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோக்களை விட்டுவிடுங்கள். முழு ஆட்டத்தில் ஏதாவது ஒரு பதினைந்து நிமிடத்தை எடுத்து, ஒரே ஆளைப் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண் அவர் மேலேயே இருக்கட்டும். எடுத்தவுடன் ரோட்ரி, 16-ம் எண். பந்து தன் காலுக்கு வருமுன்பே தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொள்வார். வந்த பந்தை யாருக்குத் தரவேண்டும் என்று அதற்குள் முடிவு செய்திருப்பார். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்தான். அடுத்த பதினைந்து நிமிடம் 19-ம் எண் யமால். வலது ஓரத்தில் நிற்பார், ஆனால் இடதுகாலர். அதனால் ஓரமாக ஓடுவதைவிட உள்ளே வெட்டி வருவதுதான் அவர் குணம். அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக அடித்த கோல் அப்படி வந்ததுதான்: கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்கு வெளியிலிருந்து இடதுகாலால் வளைத்து, கம்பத்தில் பட்டு உள்ளே. எதிர்ப்புறம் 17-ம் எண் நிக்கோ, இதே ஏற்பாட்டின் கண்ணாடிப் பிம்பம். இடது ஓரத்தில் வலதுகாலர். அவருக்குப் பின்னால் ஓடிவரும் 24-ம் எண் குக்குரேயாவை அடையாளம் காண எண்ணே தேவையில்லை, அந்தத் தலைமுடி போதும். ஒயார்சபாலின் கோப்பை கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் அவர்தான்.

நட்பு ஆட்டங்களின் ஸ்கோரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலவீனமான அணிக்கு எதிரான ஐந்து கோலில் என்ன தெரிந்துவிடும்? ஆனால் யார் எப்போது மாற்றப்படுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். யூரோவுக்குச் சில நாள் முன் அண்டோராவை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி மூன்று கோல் அடித்தவர் ஒயார்சபால்தான்.

போட்டி தொடங்கியபின் மஞ்சள் அட்டைகள்மேல் ஒரு கண் வையுங்கள். அந்தக் காலிறுதியில் லெ நோர்மாண்ட் அந்தத் தொடரில் தன் இரண்டாவது மஞ்சள் அட்டையை வாங்கினார், கார்வஹால் சிவப்பு அட்டை வாங்கினார். இருவருக்கும் அரையிறுதி இல்லை. எம்பாப்பே இருக்கும் பிரான்சுக்கு எதிராக 38 வயது ஹெசூஸ் நவாஸ் இறங்க வேண்டியிருந்தது.

மொத்தத்தில் கோல்கீப்பர், நடுத் தடுப்பில் ஒருவர், நடுகளத்தில் பந்தைப் பிரித்துக் கொடுப்பவர், இரண்டு விங்கர்கள் (ஓரங்களில் ஆடுபவர்கள்), ஸ்ட்ரைக்கர் (முன்னால் நின்று கோல் அடிப்பவர்) என்று ஆறு இடம், இடத்துக்கு இரண்டு பெயர் போதும். ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால், அந்த அணி கடைசியாக ஆடிய தகுதிச் சுற்று ஆட்டத்தின் இரண்டாம் பாதியை, அறுபதாவது நிமிடத்திலிருந்து முடிவுவரை பாருங்கள். பயிற்சியாளர் யாரை வெளியே எடுக்கிறார், யாரைக் கடைசிவரை தொடாமல் விடுகிறார் என்பது அந்த அரைமணி நேரத்தில்தான் தெரியும்.