குளத்தில் இறங்கும் வரித்தலை வாத்துகளால் கிடை வாத்துக்கு நோய் வருமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்குநேரிப் பக்கம் நாட்டு வாத்து 150 வைத்திருக்கிறேன். பகலில் அறுத்த வயலிலும் குளத்து ஓரத்திலும் மேயும்; ராத்திரி கிடையில் அடைப்போம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற வரித்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் எங்கள் குளத்திலும் இறங்குகின்றன. கரையெல்லாம் எச்சம். அதன் குடலில் கெட்ட பாக்டீரியா இருக்கும், முன்கூட்டியே ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடு என்கிறார் மருந்துக் கடைக்காரர். இன்னொருவர், அந்த எச்சத்தையே வெல்லம் போட்டு ஊறவைத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி வரும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? போன கோடையில் குளம் வற்றினபோது கழுத்து தொங்கி 20 வாத்து செத்துப்போனது. அதுவும் இந்தப் பறவைகளால்தானா?

பதில்: அண்ணாச்சி, பவுடரும் வேண்டாம், எச்சக் கரைசலும் வேண்டாம். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, கழுத்துத் தொங்கல், உங்கள் கிடைக்குப் பெரிய ஆபத்து அதில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் கரையில் கிடக்கும் எச்சத்தை ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள். விரல் தடிமனில், பச்சையாக, உருளையாக, ஒரு முனையில் வெள்ளையோடு இருந்தால் அது வரித்தலை வாத்தின் சாதாரண எச்சம். உள்ளே புல் நார் பாதி செரித்தும் செரிக்காமலும் கிடக்கும். புல் மேயும் இந்த ஜாதிக்குத் தீனி வயிற்றில் தங்குவதே இரண்டு மூன்று மணி நேரம்தான். மேய்ந்துகொண்டே சில நிமிடத்துக்கு ஒரு தரம் கழித்துவிடும். நடுநடுவே கரும்பழுப்பு நிறத்தில், களிம்பு போல, நாற்றத்தோடு ஒன்று கிடக்கும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது. பறவைக்குக் குருட்டுக்குடல் இரண்டு உண்டு. பாக்டீரியாக்கள் நெருக்கியடித்து வாழ்ந்து நாரை நொதிக்க வைக்கிற இடம் அதுதான்.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை பறவைக்கும் கெடுதல் செய்யாது, உங்கள் வாத்துக்கும் செய்யாது. சீனாவின் சிங்ஹாய் ஏரிப் பக்கம் காட்டில் திரியும் வரித்தலை வாத்தையும் கொட்டிலில் வளர்த்ததையும் ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். பெரிய பிரிவுகள் இரண்டிலும் ஒன்றேதான். தீனியும் வளர்ப்பும் மாறியதால் எது அதிகம், எது குறைவு என்பது மாறியிருந்தது. ஆகவே மங்கோலியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் ஏதோ புது பாக்டீரியாவை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது என்று பயப்படாதீர்கள். நம் வயலில் மேய மேய அதன் குடலும் நம் ஊர்த் தீனிக்குத் தக்கபடி மாறிவிடும்.

கெட்டதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா நீர்ப்பறவைகளின் குடலில் சகஜம். பறவையின் உடம்புச் சூடு 41, 42 டிகிரி. அதற்கு அந்தச் சூடு தோது. பறவைக்கு ஒன்றும் செய்யாது. மனிதருக்குப் போனால்தான் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். அதிலும் காட்டுப் பறவைகளில் இருக்கும் ரகங்கள் பெரும்பாலும் பண்ணைக் கோழியில் கிடைக்கும் ரகங்கள் அல்ல. வெயிலில் காய்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். சால்மொனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா கொஞ்சம் கெட்டி, ஈரமான எச்சத்திலும் சேற்றிலும் நாள்பட இருக்கும். கரையில் எச்சத்தை மிதித்து வந்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள். முட்டையை எச்சம் ஒட்டியபடியே விற்கவும் வேண்டாம்.

சரி, பவுடர் விஷயம். காட்டு வாத்துகளிடமிருந்து வரக்கூடியவற்றில் எதற்கு நிஜமாகப் பயப்பட வேண்டுமோ, அது பாக்டீரியாவே இல்லை. பறவைக் காய்ச்சல் வைரஸ். வாத்தின் குடலில் பெருகி எச்சத்தோடு தண்ணீரில் இறங்கும். சுமந்து வரும் வாத்து பல நேரம் நோஞ்சானாகக்கூடத் தெரியாது. 2005-இல் அதே சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது எச்5என்1 வைரஸால். 2014-இல் கேரளத்துக் குட்டநாட்டில் வாத்துகளை அழிக்க வேண்டி வந்ததும் பறவைக் காய்ச்சலால்தான். ஆக்ஸிடெட்ராசைக்ளின் எத்தனை பாக்கெட் கலக்கினாலும் வைரஸை ஒன்றும் செய்யாது.

பவுடர் வேறு ஒரு வேலை செய்யும். உங்கள் வாத்தின் குடலில் இடம் பிடித்திருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும், காலியான இடத்தில் சால்மொனெல்லா சுலபமாக உட்கார்ந்துகொள்ளும். தப்பிப் பிழைக்கிற ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா மருந்துக்கு அடங்காததாக இருக்கும். அது கிடைத் தண்ணீரோடு ஓடிக் குளத்தில் சேரும், அங்கிருந்து காட்டு வாத்தின் குடலுக்குப் போகும். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சைபீரியா, அலாஸ்கா, கிரீன்லாந்து என்று ஆர்க்டிக் ஓரத்துப் பறவைகளிடமே மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிடைத்தது. அங்கே யார் கோழிப்பண்ணை வைத்து பவுடர் கலந்தார்கள்? பறவைகள் போகிற இடத்துக்கெல்லாம் நம் பண்ணை மருந்தின் விளைவும் போகிறது. நாம் பறவையைக் குற்றம் சொல்கிறோம். நியாயப்படி பார்த்தால் பறவைதான் நம்மைச் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் கோலிஸ்டின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்கு அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் வினியோகிப்பதையும் 2019 ஜூலையிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது.

எச்சக் கரைசல் சொன்னவரின் யோசனையில் பாதி சரி. 1973-இல் ஃபின்லாந்தில் நூர்மி, ரன்டாலா என்ற இருவர், வளர்ந்த கோழியின் குடலில் இருப்பதைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லா அண்டுவது குறைகிறது என்று காட்டினார்கள். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்குத் தாயிடமிருந்து கிடைக்க வேண்டியது கிடைப்பதில்லை, அதுதான் காரணம். ஆனால் அது நோய் இருக்கிறதா என்று சோதித்து எடுத்த சரக்கு. கரையில் பொறுக்கிய எச்சத்தில் என்ன வைரஸ் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? புல் தின்கிற பறவையின் குடல் கூட்டம் நத்தையும் நெல்லும் தின்கிற உங்கள் குஞ்சுக்கு எதற்கு? அந்த எச்சத்தை எருக்குழியில் போட்டு மட்கவைத்து வயலுக்குக் கொடுங்கள், பயிருக்கு நல்லது. யூரியாவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது கழுத்துத் தொங்கல். கோடையில் குளம் வற்றும்போது வரித்தலை வாத்துகள் வடக்கே கிளம்பிப் போயிருக்கும், அதனால் பழியை அதன் மேல் போட முடியாது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் பொட்டுலிசம் என்ற நஞ்சு நோய். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதை சேற்றிலும் பறவைக் குடலிலும் சும்மா கிடக்கும். உயிரோடு இருக்கிற வரை தொந்தரவில்லை. வெயில் ஏறி, தண்ணீர் சுருங்கி, மீனோ நாரையோ வாத்தோ செத்துக் கிடந்தால், காற்றில்லாத அந்த வயிற்றுக்குள் விதை முளைத்து நஞ்சு சுரக்கும். ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். புழுவுக்கு நஞ்சு உறைப்பதில்லை, ஆனால் அதன் உடம்பில் சேர்ந்துவிடும். உங்கள் வாத்துக்குப் புழு என்றால் விருந்துதானே! சில புழுக்களே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். செத்த வாத்தில் மறுபடி புழு, அதைத் தின்ன அடுத்த வாத்து. 20 உருப்படி இப்படித்தான் போயிருக்கும்.

அடையாளம் இது: முதலில் கால் தளரும், பிறகு இறக்கை சரியும், கடைசியில் கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். அறுத்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் தெரியாது. பச்சைக் கழிச்சல், கண்ணில் நீர், வெளிச்சம் பட்டால் கூசுவது என்று இருந்தால் அது வாத்துப் பிளேக். அதற்கு 8 முதல் 12 வார வயதில் தடுப்பூசி உண்டு, போடாமல் விட்டிருந்தால் இந்த மாதமே போட்டுவிடுங்கள்.

பொட்டுலிசத்துக்குப் பவுடர் எதுவும் கேட்காது, நஞ்சு ஏற்கெனவே உடம்பில் ஏறியிருக்கும். தளர்ந்த வாத்தை நிழலுக்கு மாற்றி நல்ல தண்ணீரை அலகில் விட்டுப் பாருங்கள், லேசாகப் பிடித்தது சில பிழைக்கும். செத்ததைக் கறிக்குக் கொடுக்கவே கூடாது. தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் காலையில் கிடை திறக்கும் முன் ஓர் ஆள் குளத்து ஓரத்தைச் சுற்றி வரட்டும். செத்து மிதக்கிற மீன், பறவை எது கண்டாலும் கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்க வேண்டும். சேறு நாறத் தொடங்கிய பள்ளத்துப் பக்கம் வாத்தை விடாதீர்கள், மடைக்குக் கீழே ஓடுகிற தண்ணீரில் விடுங்கள்.

குளிர் மாதங்களில் வேறு ஏற்பாடு. காட்டுப் பறவை அடர்ந்து இறங்கும் பக்கம் மேய்ச்சலை நிறுத்தி, குடிக்க கிணற்றுத் தண்ணீரும் கிடையிலேயே குருணையும் தவிடும் கொடுங்கள். வெடி போட்டு விரட்டுவது வேண்டாம்; கூந்தன்குளத்தில் தீபாவளிக்கே வெடிக்காமல் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

காட்டு வாத்து ஒன்றுக்கு மேல் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் மட்டும் நீங்கள் தொட வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். வனத்துறைக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள், அல்லது 1962-க்குப் போன் போடுங்கள். உங்கள் கிடையில் திடீரென்று சாவு கூடினாலும் அதேதான்: மாதிரியை மருத்துவர் வந்து எடுக்கட்டும். பையில் போட்டு பஸ்ஸில் இராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.