விறாந்து இல்லாமல் பொலிஸார் வீட்டைச் சோதிக்கலாமா?

இலங்கையின் களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: தம்பியை விசாரிக்க வந்த பொலிஸார் விறாந்து (நீதிமன்ற ஆணை) காட்டாமல் அலுமாரியைத் திறந்து, போனையும் கொண்டுபோனது சரியா என்று.

சுற்றிவளைப்புகளைப் பார்த்து வளர்ந்த எங்கட ஆக்களுக்கு, சீருடை வாசலுக்கு வந்தால் கதவைத் திறந்துவிடுவதுதான் பழக்கம். ஆனால் சட்டம் அப்படி இல்லை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, வீட்டைச் சோதிக்கும் ஆணையை நீதவான்தான் கொடுக்க வேண்டும். விலக்குகள் உண்டு. கைதுசெய்யவேண்டிய ஆள் உள்ளே இருந்தால் நுழையலாம். கைதான ஆளின் உடலையும் சோதிக்கலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மரியாதையாக. இதை விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

பெரிய ஓட்டை பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு. அங்கே விறாந்து தேவையில்லை. என்றாலும் வந்தவர் பொலிஸ் அத்தியட்சகராகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும், அல்லது அவருடைய எழுத்துமூல அதிகாரம் பெற்ற, உப பொலிஸ் பரிசோதகருக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். ஆகவே "எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறீங்க, சேர்?" என்று பணிவாகக் கேளுங்கோ. மறித்துத் தள்ளுப்படாதீங்கோ, அது வேறு வழக்காகிவிடும்.

போனுக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கோ. தராவிட்டால் திகதி, நேரம், வந்தவர்களின் பெயர், வாகன இலக்கம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கோ. உரிமை மீறப்பட்டது என்றால், அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் (Supreme Court) ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறையிட்டால், அவர்களின் விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது.