வாக்குத்தத்த வசனமும் ஆனதோத்து நிலமும்

கேள்வி: சிறுநீரகச் செயலிழப்பால் என் தாயார் இரண்டு ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். கடந்த டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புத்தாண்டுக்கான தேவ வாக்குறுதியாக அட்டையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. அதைப் பற்றிக்கொண்டு உபவாசமிருந்து ஜெபித்தேன். ஆகஸ்டில் அம்மா காலமானார். என் விசுவாசக் குறைவே காரணம் என்று சபை மூப்பர் ஒருவர் சொன்னார். பத்து ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் கற்பித்து வரும் நான், மனம் ஒப்பாமல் கர்த்தருக்குக் கீழ்ப்படிவது மாய்மாலம் ஆகாதா?
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த மூப்பரின் சொல்லை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். தம் மாம்சத்திலிருந்த முள் என்று தாம் குறிப்பிட்ட வேதனை நீங்க வேண்டுமென்று அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. அவரை விசுவாசம் குறைந்தவர் என்று எவரும் சொல்வதில்லை. தாயை இழந்து நிற்கும் மகளிடம் அப்படிப் பேசியது தவறு.

அடுத்து அந்த வசனம். 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு' என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது, நாம் விரும்புகிற முடிவையே தேவன் தருவார் என்று எண்ணிக்கொள்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாசித்தேன். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தைய வசனமே 70 ஆண்டுகள் ஆகும் என்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே கண் மூடியிருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று அவர்களிடம்தான் சொல்லப்பட்டது. கடிதத்திலிருந்து ஒரு வரியை மட்டும் அட்டையில் அச்சிட்டு ஆண்டு முழுவதற்கும் கையில் கொடுக்கும் நம் வழக்கத்தைச் சபைகள் மறுபடி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் உண்மையான கேள்விக்கு, அதே புத்தகத்தின் 32ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். சிதேக்கியா ராஜாவின் பத்தாம் ஆண்டு. எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசி எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போதுதான் தம் சொந்த ஊரான ஆனதோத்திலுள்ள உறவினரின் நிலத்தை வாங்கச் சொல்லிக் கர்த்தருடைய வார்த்தை வருகிறது. சென்னையில் அரை கிரவுண்டு வாங்குவதற்கே வில்லங்கச் சான்றை நான்கு முறை புரட்டிப் பார்க்கிறோம். அவரோ எதிரி சூழ்ந்து நிற்கும் நாட்டில், தாம் கால் வைக்கவும் முடியாத ஒரு நிலத்துக்கு 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரத்துக்கு முத்திரையிட்டு, அதை மண்பாண்டத்தில் பாதுகாக்கும்படி தம் எழுத்தரான பாருக்கிடம் ஒப்படைக்கிறார்.

பத்திரம் கைமாறிய பிறகே அவர் ஜெபிக்கிறார். தேவனுடைய வல்லமையைத் துதித்துத் தொடங்குகிற அந்த ஜெபம், நகரம் கல்தேயர், அதாவது பாபிலோனியர், கைக்குப் போகிற வேளையில் நிலத்தை வாங்கச் சொன்னீரே என்ற திகைப்பில் முடிகிறது. கீழ்ப்படிந்த கையும் கேள்வி கேட்ட வாயும் ஒரே மனிதருடையவை; கர்த்தர் அதை மாய்மாலம் என்று சொல்லவில்லை, பதில் சொன்னார். அந்த நிலத்தில் எரேமியா குடியிருந்ததாக வேதத்தில் இல்லை. பின்னாளில் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இல்லாத மகிழ்ச்சியை இருப்பதாகக் காட்டுவதுதான் மாய்மாலம். வலியோடு ஒரு கடமையைச் செய்வது அப்படியல்ல.

ஆகவே, மூன்று மாதங்களுக்கு வகுப்பிலிருந்து விடுப்புக் கேளுங்கள். அது பின்வாங்குதல் ஆகாது. ஆராதனைக்கு மட்டும் போய், பாட முடியாவிட்டால் கடைசி வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருங்கள். வீட்டில் 13ஆம் சங்கீதத்தையும், ஆறுதல் வார்த்தை இல்லாமலே முடிகிற 88ஆம் சங்கீதத்தையும் உரக்க வாசித்து ஜெபியுங்கள். மூப்பர் சொன்னதை உங்கள் ஆயரிடம் தெரிவித்துவிடுங்கள், ஏனெனில் அதே சொல்லை அவர் வேறு வீடுகளிலும் சொல்லியிருக்கக்கூடும். வகுப்புக்குத் திரும்பும் நாளில் பிள்ளைகள் அம்மாவைப் பற்றிக் கேட்டால், 'நான் கேட்டேன், கர்த்தர் தரவில்லை, எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது' என்றே சொல்லுங்கள். பிறகு அன்றைய பாடத்தைத் தொடங்குங்கள்.