வரி பூஜ்யம்தான், ஆனாலும் ரிட்டர்ன் போடுங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே 2025-26 நிதியாண்டு வருமானம் பற்றியவை, பதில்களும் அதற்கே.

கோவையில் சொந்தமாக இன்டீரியர் டிசைன் செய்கிறேன். போன வருடம் மொத்தம் 14 லட்சம் வரவு. அதில் 9 லட்சம் கம்பெனி வேலை, 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள். வரிதான் கட்டியாகிவிட்டதே, ரிட்டர்ன் எதற்கு?

அந்த 90,000 ரூபாய் உங்கள் பணம், சகோதரி. ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் திரும்பி வரும். தொழில் வரவு 10 லட்சத்தைத் தாண்டியதால் உங்களுக்கு ரிட்டர்ன் கட்டாயமும்கூட.

உங்கள் தொழில் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வருகிறது. கணக்குப் புத்தகம் எழுதாமலே வரவில் பாதியை, அதாவது 7 லட்சத்தை, லாபமாகக் காட்டலாம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம், வேறு வருமானம் இல்லையென்றால் பிடித்தது முழுக்க உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். ஆனால் பாதி என்பது குறைந்தபட்சம்தான், கையில் நின்ற லாபம் 9 லட்சம் என்றால் 9 லட்சத்தையே காட்ட வேண்டும், இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. பாதி போட்ட பிறகு லேப்டாப், பெட்ரோல் என்று தனியாகக் கழிக்கவும் முடியாது.

படிவம் ஐடிஆர்-4. அதைத் திறப்பதற்கு முன்னால் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வருட வரவு விவரத் தொகுப்பு) இரண்டையும் இறக்கி, உங்கள் பில்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். போன வருடம் தெரிந்த ஒருவருக்கு அப்படிப் பார்த்தபோது 12,000 ரூபாய் பிடித்தம் மட்டும் காணவில்லை. பணம் கொடுத்த இடத்தில் பான் எண்ணின் ஒரு 6-ஐ 8 என்று அடித்திருந்தார்கள். அவர்களை விடாமல் கூப்பிட்டுத் திருத்த வைத்து, அது 26ஏஎஸ்-இல் ஏறிய பிறகுதான் ரிட்டர்ன் போட்டோம். அப்புறம், வீட்டு வேலைக்காக வாடிக்கையாளர்கள் ஜிபேயில் அனுப்பிய மீதி 5 லட்சம் 26ஏஎஸ்-இல் இருக்காது, பாஸ்புக்கைப் பார்த்து நீங்களேதான் சேர்க்க வேண்டும். போட்டு முடித்ததும் ஆதார் ஓடிபி கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள், 30 நாள்தான் அவகாசம்.

திண்டுக்கல் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். வருட விற்பனை 36 லட்சம், அதில் 26 லட்சம் க்யூஆரில் வந்தது, மீதி ரொக்கம். கணக்கு நோட்டு ஒழுங்காக இல்லை. என்ன செய்வது?

பயப்படாதீர்கள் அண்ணாச்சி, 44ஏடி பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். க்யூஆரில் வந்ததற்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம், ஆக 1.56 லட்சமும் 80 ஆயிரமும் சேர்த்து 2.36 லட்சம். நிஜ லாபம் அதைவிடக் கூடுதல் என்றால் அதைக் காட்டுங்கள். லாபம் வரியில்லாத வரம்பான 4 லட்சத்துக்குள் நின்றால், விற்பனையும் 60 லட்சத்தைத் தாண்டாததால், பொதுவாக ரிட்டர்ன் கட்டாயமில்லை. ஆனாலும் போடச் சொல்வேன். நாளைக்குக் கடையைப் பெரிதாக்க லோன் கேட்டுப் போனால் மேனேஜர் முதலில் கேட்பது மூன்று வருட ரிட்டர்னைத்தான், அன்றைக்கு ஓடிப்போய் மூன்று வருடத்தையும் சேர்த்துப் போட்டால் அதற்கு மதிப்பு இல்லை. இன்னொன்று, பொருள் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம், நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள்.

அக்டோபரில் கம்பெனி மாறினேன். இரண்டு ஃபார்ம் 16 (சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்று) இருக்கிறது. புது கம்பெனியில் வரியே பிடிக்கவில்லை, நல்லதுதானே?

இல்லை தம்பி. ஆறு மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்து 12 லட்சத்துக்குள் என்று விட்டிருப்பார்கள். இரண்டு இடத்திலும் 8, 8 லட்சம் என்றால் மொத்தம் 16 லட்சம், சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு 75,000 ஒரே ஒரு முறைதான். மீதி 15.25 லட்சத்துக்கு செஸ்ஸோடு வரி 1,13,100 ரூபாய். பழைய கம்பெனி பிடித்ததைக் கழித்து மீதியையும், அதற்கான வட்டியையும் செல்ஃப் அசெஸ்மென்ட் வரியாக (நாமே கணக்குப் போட்டுக் கட்டும் வரி) கட்டிவிட்டு, அந்தச் சலான் எண்ணைப் போட்டு ரிட்டர்ன் அனுப்புங்கள்.