மூடி திறந்த போத்தல்

அன்புள்ள ஐயா,

செந்தூலில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் நடத்துகிறேன். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து ஹேபர் முறையில் அம்மோனியா தயாரிப்பதைச் சென்ற வாரம் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், வினையூக்கி போட்டால் வினை வேகமாகிறது. அப்படியானால் சமநிலையில் அம்மோனியா ஏன் கூடுதலாகக் கிடைப்பதில்லை?” “சமநிலை வந்ததும் வினை நின்றுவிடும்மா. நின்றுபோன மாட்டைச் சாட்டையால் அடித்து என்ன பயன்?” என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னது சரிதானா?

இடையிடையே தமிழில் விளக்குகிறேன். அதனால் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன? விடுமுறையில் அவர்கள் படிக்கச் சில நல்ல நூல்களையும் சொல்ல வேண்டுகிறேன்.

ஒரு வாசகர், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொன்னது தவறு. சின்னத் தவறும் இல்லை. வேதியியலின் நடு முதுகெலும்பில் விழுந்த தவறு. ஆனால் “அவள் மட்டும் சிரிக்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றே பதில் எழுதுகிறேன். அந்தப் பிள்ளையின் முகத்தைக் கவனித்த ஆசிரியரை எனக்குப் பிடித்திருக்கிறது. கேள்வி கேட்ட பிள்ளையை வகுப்பு சிரிக்கும்படி விட்ட ஆசிரியரைப் பிடிக்கவில்லை. இரண்டும் நீங்களே.

தமிழைப் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1864-இல் நார்வே அறிவியலாளர்கள் குல்ட்பெர்க்கும் வாகேயும் சமநிலையைக் கணக்காக எழுதினார்கள். ஒருவர் மனைவியின் சகோதரியை மற்றவர் மணந்திருந்தார், குடும்பத்துக்குள் நடந்த ஆராய்ச்சி. நார்வே மொழியில் எழுதியதால் பல ஆண்டுகள் வெளியே யாரும் கவனிக்கவில்லை. அதனால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடவில்லை. பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள், போதும்.

‘நின்றுவிடும்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் பட்டர்வொர்த்தில் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியவன் நான். சமநிலை என்றதும் பிள்ளைகள் மனத்தில் தராசு வந்து நிற்கிறது. தட்டுகள் ஆடி ஓய்ந்து, முள் நடுவில் அசையாமல் நிற்கும் தராசு. மலாய்மொழியில் ‘கெஸெய்ம்பாங்ஙான்’ என்று படித்தாலும் அதே தராசுதான். இந்தப் படத்தை முதல் நாளே மனத்திலிருந்து அகற்றாத ஆசிரியர் பிறகு என்ன சொல்லியும் பயனில்லை.

எனக்கு இது புத்தகத்தில் புரிந்ததில்லை. நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா பால் வெட்டினார். மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) வடியும் பால் வெயில் ஏற ஏற, அதில் பெருகும் கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால் புளித்துத் திரியும். பாலை நிறுத்து வாங்கும் ஸ்டோருக்குப் போய்ச் சேரும்வரை திரியாமலிருக்கச் சில சொட்டு அம்மோனியாக் கரைசல் விடவேண்டும். ஸ்டோரில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே ஃபார்மிக் அமிலத்தை ஊற்றி வேண்டுமென்றே உறையவைப்பார்கள். வெயில் ஏறினால் சீக்கிரம் திரியும், அமிலம் கூடினால் சீக்கிரம் உறையும் என்பது பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு விரல்நுனியில் இருந்தது. வினைவேகப் பாடத்தின் பாதி அதுதான்.

அந்த அம்மோனியாவை வாய் அகன்ற ஹார்லிக்ஸ் போத்தலில் வைத்திருந்தார். எனக்கு ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதைத் திறந்து முகர்ந்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டேன். மூட மறந்துபோனது ஞாயிறு இரவு படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. விடியுமுன் எழுந்து, அடி விழும் என்ற பயத்தில் சத்தமில்லாமல் மூடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா இருட்டில் அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். வழக்கம்போலச் சொட்டு விட்டார். பத்து மணி வெயிலில் பால் வாளியிலேயே திரிந்துவிட்டது. நிறுவையில் இருந்தவர் அதைப் பாலாக எழுத மறுத்தார். திரிந்து கட்டியான பாலுக்குரிய குறைந்த விலைதான் என்றார். பாதி நாள் கூலி போனது. சாயங்காலம் அம்மா போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பழைய கைலியிலிருந்து ஒரு துண்டு கிழித்து மூடியைச் சுற்றிக் கட்டினார்.

பல ஆண்டுகள் கழித்து ஆறாம் படிவத்தில் ‘மூடிய கலன்’ என்ற சொல்லைப் படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது. மூடி திறந்ததால் அம்மோனியா புதிதாகப் புறப்படத் தொடங்கவில்லை, தம்பி. மூடியிருந்தபோதும் அது தண்ணீரைவிட்டு மேலே போய்க்கொண்டுதான் இருந்தது. போன அளவு திரும்பிக் கரைந்துகொண்டும் இருந்தது. அதனால்தான் கரைசல் வலுக்குறையாமல் நின்றது. நான் திறந்து வைத்ததும் போவது நிற்கவில்லை, வருவது நின்றது. அவ்வளவுதான் நடந்தது. இது கரைதலின் சமநிலை, வேதிவினையின் சமநிலை வேறு என்று கண்டிப்பானவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அங்கேயும் இதே கணக்குத்தான்: அம்மோனியா உருவாகும் முன்வினை ஓடுகிறது, அது மறுபடி பிரியும் பின்வினையும் ஓடுகிறது, இரண்டும் ஒரே வேகத்தில். அளவுகள் மாறாததால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஓய்ந்ததுபோலத் தெரிகிறது. ஓய்வு என்பதே அங்கே கிடையாது.

வினையூக்கி என்ன செய்கிறது? எங்கள் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். 1985-இல் பெருநிலத்திலிருந்து தீவுக்குப் பினாங்குப் பாலம் திறந்தார்கள். அதுவரை பெர்ரிக்குக் காத்துக் கிடந்தவர்களுக்குச் சுலபமான இன்னொரு வழி கிடைத்தது. அந்த வழி தீவுக்குப் போக மட்டுமா? வருகிறவர்களுக்கும் அதேதான். வினையூக்கியும் ஒரு புதிய பாதை, தாண்டவேண்டிய மேடு அதில் தாழ்வு. மேடு தாழ்ந்தால் இருபுறத்துக்கும் தாழும்.

ஒருபுறம் மட்டும் தாழ்த்தும் வினையூக்கி இருந்தால் என்ன என்று அவள் கேட்பாள். கேட்கவேண்டும். அப்போது இதைப் பொறுமையாகப் பலகையில் வரையுங்கள். ஓர் உருளை, அதில் பிஸ்டன், உள்ளே சமநிலையில் நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா. ஒரு மூலையில் மூடியுள்ள பெட்டிக்குள் வினையூக்கி. நான்கு பங்கு வாயு இரண்டு பங்கு அம்மோனியாவாகும் வினை இது. பெட்டியைத் திறந்தால் முன்வினை மட்டும் வேகமாகிறது என்று வையுங்கள். வாயு சுருங்கும், பிஸ்டன் உள்ளே வரும். பெட்டியை மூடினால் பழைய சமநிலைக்குத் திரும்பும், பிஸ்டன் வெளியே போகும். திறந்து மூடி, திறந்து மூடி, எரிபொருளே இல்லாமல் காலமெல்லாம் ஓடும் இயந்திரம் கிடைத்துவிடும். அப்படியோர் இயந்திரத்தை இயற்கை அனுமதிப்பதில்லை. வினையூக்கி சமநிலையை நகர்த்தாததற்குக் காரணம் இதுதான். உங்கள் மாடு அங்கே நிற்கவே இல்லை.

அப்படியானால் வினையூக்கியால் அம்மோனியா அதிகமாகவே ஆகாதா என்றால், சுற்றுவழியில் ஆகும். வினை எவ்வளவு வேகமாகப் போகும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு தூரம் போகும் என்பது வேறொரு கேள்வி. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சாதாரண அறை வெப்பநிலையில் பெரும்பகுதி அம்மோனியாவாகிவிடும் பக்கமே சாய்ந்தவை. ஆனால் வேகம் இல்லை, ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் மூக்குக்கு எட்டாது. சூடாக்கினால் வேகம் வரும், ஆனால் சமநிலையில் கிடைக்கும் அம்மோனியா குறைந்துபோகும். இந்த முறையைக் கண்ட ஹேபர் முதலில் 1000 டிகிரியை ஒட்டிச் சோதித்தபோது கிடைத்த அம்மோனியா நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1909-இல் ஆஸ்மியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்துச் சுமார் 550 டிகிரிக்கு இறங்கி, அழுத்தத்தை ஏற்றியதும் அம்மோனியா சொட்டத் தொடங்கியது. 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் இரும்பு வினையூக்கியோடு தொழிற்சாலையே ஓடியது. வினையூக்கி தந்த சலுகை, குறைந்த சூட்டில் வேலை செய்யலாம் என்பது. கூடுதல் அம்மோனியா அந்தக் குறைந்த சூட்டிலிருந்து வந்தது. இன்றும் ஒரு சுற்றில் ஏறக்குறைய 15 விழுக்காடுதான் மாறுகிறது. அம்மோனியாவைக் குளிரவைத்துப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவைத் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். அம்மாவின் போத்தலில் இருந்ததும் இந்த வழியில் பிறந்த அம்மோனியாதான்.

நூல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், பிறகு எழுதுகிறேன். முதலில் அடுத்த வகுப்பில் அந்த மாணவியின் பெயரைச் சொல்லி, “போன வாரம் நான் சொன்னது தவறு, உன் கேள்விதான் சரி” என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். பிறகு பிஸ்டனை வரையுங்கள். அவள் அடுத்து என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.