பவளத் தொட்டிக்குக் கட்டுப்படியாகும் விளக்கு எது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. கோமாளி மீன்கள் இரண்டும் நலம். இனி காளான் பவளமும் சோவாந்தஸ் என்னும் பவளமும் வளர்க்க விருப்பம். வெளிநாட்டு விளக்கு இல்லாமல் பவளம் பிழைக்காது என்கிறார் ஒரு கடைக்காரர். அதன் விலையோ தொட்டிக்கு இதுவரை செலவழித்ததைவிட அதிகம். நன்னீர்ச் செடித் தொட்டிக்குப் போடும் விளக்கே போதும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? — ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: இருவருமே தங்கள் கடையில் இருக்கும் சரக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், உங்கள் தொட்டியில் வாழப்போகும் உயிரைப் பற்றிப் பேசவில்லை. விளக்கின் செலவைத் தீர்மானிப்பது அந்த உயிர்தான்.

பவளத்தின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியைப் பவளம் எடுத்துக்கொள்கிறது என்பதால், நாம் விளக்கு வாங்குவது உண்மையில் அந்தப் பாசிக்குத்தான். பாசி பயன்படுத்தக்கூடிய ஒளியை, 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை ஒளித்துகள் விழுகின்றன என்று எண்ணி அளப்பார்கள். தொட்டி வளர்ப்போர் அதை ‘பார்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உச்சிவெயிலில் கடல் மட்டத்தில் அது, மைக்ரோமோல் என்னும் அலகில், ஏறத்தாழ 2000. காளான் பவளத்துக்கு 50 இருந்தாலே போதும், சோவாந்தஸ் 80 முதல் 150 வரை கிடைத்தால் நன்றாக விரியும். உங்கள் தொட்டியில் மணல் போக நீரின் ஆழம் 40 சென்டிமீட்டருக்கு மேல் இராது என்பதால், உண்மையில் 40 முதல் 60 வாட் இழுக்கும் எல்.இ.டி. விளக்கே போதுமானது. வெளிநாட்டு விளக்கின் விலையில் பாதி, செல்பேசியில் சூரியோதயமும் மேகமும் மின்னலும் காட்டுகிற வசதிக்குப் போகிறது. பவளம் அதற்காக ஏங்குவதில்லை.

செடி விளக்கில் பவளம் சாகாது. ஆனால் கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிட நீலமே ஆழத்துக்கு இறங்குகிறது. பவளத்தின் பாசியும் அதற்கேற்பவே பழகியிருக்கிறது. சிவப்பு மிகுந்த செடி விளக்கின்கீழ் பவளம் மங்கிய பழுப்பாகத் தெரியும், கண்ணாடியில் வேண்டாத பாசிதான் செழிக்கும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, நீலமும் வெள்ளையும் தனித்தனித் திருகில் கூட்டிக் குறைக்கும்படி சீனாவிலிருந்து வரும் சாதாரணக் கறுப்புப் பெட்டி விளக்கு. மூன்று வாட் எல்.இ.டி. மணிகள் 55 இருப்பதால் பெட்டியில் 165 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது இழுப்பது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதையும் நீங்கள் பாதியளவில்தான் எரிக்க வேண்டியிருக்கும். நீர்மட்டத்துக்கு மேல் 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். விசிறி சற்று இரையும் என்பதால் படுக்கையறைக்கு ஒத்துவராது. இன்னொரு குறை, மணிகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று போனால் வரிசை முழுவதும் இருண்டுவிடும். என் பெட்டியில் ஒரு நாள் நீலம் முழுவதும் அணைந்தபோது, பெட்டியே போய்விட்டது என்று புதிது வாங்கக் கிளம்பிவிட்டேன். பிறகு மூடியைக் கழற்றி மல்டிமீட்டரால் ஒவ்வொரு மணியாகத் தொட்டுப் பார்த்ததில், நடுவில் கறுத்துப்போயிருந்த ஒரே ஒரு மணிதான் குற்றவாளி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மாற்று மணிக்கு ஒரு தேநீர் விலைகூட ஆகவில்லை. பற்றவைக்கத்தான் அரை நாள் ஆயிற்று. விலையுயர்ந்த விளக்குகளில் இப்படித் திறந்து பார்க்கும் வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

கேள்வி: வாசலுக்குப் போடும் 50 வாட் ஃப்ளட் லைட்டில் 5000 லூமன் என்று எழுதியிருக்கிறது. பவள விளக்குகளில் லூமன் குறைவாகத்தான் இருக்கிறது. பிறகு எதற்கு அதிக விலை கொடுக்க வேண்டும்? — ஒரு வாசகி, மதுரை

பதில்: லூமன் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதன் கணக்கு. நம் கண் 555 நானோமீட்டர் அளவிலான பச்சையில்தான் மிகக் கூர்மையாகப் பார்க்கும். 450 அளவிலான ஆழ்நீலம் அதற்கு மங்கல். எனவே பவளத்துக்கு மிகவும் பயன்படும் நீல விளக்கு லூமன் கணக்கில் ஏழையாகத் தெரிவது இயல்பு. வெளிச்சம் அளக்கும் செல்பேசியின் லக்ஸ் செயலியும் இதே கண்ணைக் கொண்டுதான் அளக்கிறது. இரண்டு விளக்குகளை ஒப்பிட அது உதவாது. ஆனால் ஒரே விளக்கின்கீழ் தொட்டியின் எந்த மூலை மங்கல், ஆறு மாதத்தில் வெளிச்சம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க அதுவே போதும்.

இதற்காக ஃப்ளட் லைட்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 6500 கெல்வின் வெள்ளை ஃப்ளட் லைட் ஒன்றுடன், ஆழ்நீல மணிகளை, வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்கில் பொருத்தி, மின்னோட்டத்தைச் சீராக்கும் தனி டிரைவரில் ஓட்டினால், மிகக் குறைந்த செலவில் மென்பவளம் வளர்க்கும் விளக்கு கிடைத்துவிடும். வெள்ளையும் வளர்ச்சிக்கு உதவும், நீலம் நிறத்தையும் எடுத்துக்காட்டும். ஒரு சிறு தொட்டிக்கு, குவிந்த ஒளி தரும் பார்-38 வடிவப் பவள பல்ப் ஒன்றே போதும் (இந்தப் ‘பார்’ பல்பின் வடிவத்துக்கான பெயர், ஒளியின் அளவு அல்ல). அது திருகு வகையில் வரும், நம் வீட்டு ஹோல்டரோ பெரும்பாலும் பின் வகை. திருகு ஹோல்டரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வந்தபின் மறுபடி கடைக்கு ஓட வேண்டிவரும். உப்புநீரின் மேல் மின்கம்பி தொங்குகிற ஏற்பாடு இது என்பதால், கம்பி பிளக்குக்குப் போகும் முன் கீழே வளைந்து பிறகு மேலேறும்படி விடுவதும், அந்த இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருப்பதும் கட்டாயம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: கிழக்கு ஜன்னல் ஓரம் தொட்டி இருக்கிறது. சூரிய ஒளியே விழுகிறதே, விளக்கு எதற்கு? — ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஒளியில் குறையில்லை, வெப்பத்தில்தான் சிக்கல். பவளத் தொட்டி 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திருச்சியின் சித்திரை வெயில் நேரடியாக விழும் நூறு லிட்டர் நீர் அதைக் காலையிலேயே தாண்டிவிடும். மேலும் மழைநாளில் மங்கலும் மறுநாள் சுடரும் மாறிமாறி வரும்; இதைத் திருகிக் குறைக்க முடியாது. தொட்டியை நகர்த்த இயலாவிட்டால் அந்தப் பக்கக் கண்ணாடிக்குத் திரை போடுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் தம் 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கை இலவசமாகவே தருகிறேன் என்கிறார். இன்னொருவரிடம் நான்கு குழல் டி5 விளக்கு பாதி விலைக்கு இருக்கிறது. எதை எடுப்பது? — ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: இலவசமாகக் கிடைப்பதைத்தான் முதலில் தவிர்க்கச் சொல்வேன். மெட்டல் ஹாலைடின் ஒளி அழகானது. நீரடியில் சூரிய ஒளி அலையாடுவது போன்ற அந்த மினுமினுப்பை இன்றுவரை எதுவும் முழுதாக ஈடுகட்டவில்லை என்பது என் எண்ணம். ஆனால் அது வெப்பத்தையும் நீரின்மேலேயே கொட்டுகிறது. உங்கள் ஊரில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி இருக்கும். அதனால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியே ஆக வேண்டும், வாங்கிய சில்லர் தன் வெப்பத்தை உங்கள் கூடத்தில் விடும், அதற்கு ஏ.சி.யும் கூடுதலாக உழைக்கும். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் எரித்தால் பல்புக்கு மட்டுமே 2.25 யூனிட், இரண்டு மாதத்தில் 135. அதே காலத்துக்கு 60 வாட் எல்.இ.டி. எடுப்பது 33 யூனிட்டுக்கும் குறைவு.

டி5 நல்ல விளக்கு. நீண்ட குழல்களிலிருந்து ஒளி பரவலாக வருவதால் ஒரு பவளம் இன்னொன்றின் நிழலில் மங்குவதில்லை. நான்கு குழல்களும் சரியான பிரதிபலிப்பானோடு இருந்தால் வாங்கலாம். ஆனால் கண்ணுக்கு எரிவதுபோலவே தெரிந்தாலும் அவற்றின் வலு குறைந்துவிடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை நான்கையும் மாற்ற வேண்டும். வாங்கும் விலையோடு மூன்று ஆண்டுகளுக்கான குழல்களின் விலையையும் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகைக்குப் புதிய எல்.இ.டி. கிடைக்குமானால் அதை எடுங்கள். குழலில் பாதரசம் இருப்பதால் அவற்றின் உற்பத்தி உலகெங்கும் குறைந்துவருகிறது, மாற்றுக் குழல் தேடுவதே நாளை ஒரு வேலையாகிவிடலாம்.

கேள்வி: அக்ரோபோரா என்னும் கடினப் பவளம் வளர்க்க எத்தனை வாட் வேண்டும்? குறைந்த செலவில் வழி உண்டா? — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரை ‘பார்’ தேவை, அதற்கு விளக்கும் வலுவாக வேண்டும். ஆனால் உங்களுக்கு அந்தச் செலவு தேவைப்படாது. இந்தியாவில் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல், 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்தது என்று சொல்லி யாரேனும் துண்டு கொடுத்தால் கை நீட்டாதீர்கள். கடல்விசிறி என்னும் பவளமும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. அக்ரோபோராவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் நல்ல நீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு ஒன்றை வாங்கி, மீன்களோடு நிறுத்திக்கொண்டால் விளக்குச் செலவே பாதிக்குக் கீழ் இறங்கிவிடும். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு, நமக்குப் பார்க்க வசதியாக ஒரு சிறு விளக்கு போதும். மென்பவளம் வாங்குவதாக இருந்தாலும், அந்த இனம் அட்டவணையில் இல்லை என்பதை வனத்துறையிடம் உறுதிசெய்துகொண்டு, ரசீதோடு வாங்குங்கள்.

கேள்வி: பழைய குழல் விளக்கை எடுத்துவிட்டுப் புது எல்.இ.டி. மாட்டினேன். பத்தே நாளில் காளான் பவளங்கள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. மட்டமான விளக்கு என்று திருப்பிக் கொடுத்துவிடவா? — ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம். முழு வலுவில் எரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குறைந்த ஒளிக்குப் பழகிய பவளத்தின் திசுவில் நுண்பாசி அடர்த்தியாக இருக்கும்; திடீரென ஒளி பெருகினால் அந்தப் பாசி தாங்காது, பவளம் அதை வெளியேற்றத் தொடங்கும். வெளுப்பது அதனால்தான். பழுப்பேறினால் ஒளி குறைவு, வெளிறினால் ஒளி மிகுதி, சோவாந்தஸின் காம்பு நீண்டு மேலெழும்பினால் அது ஒளியைத் தேடுகிறது என்று கொள்ளலாம். வெளிறும்போது வெப்பமானியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனெனில் நீர் சூடேறினாலும் இதே அறிகுறிதான்.

இன்றே இரண்டு திருகுகளையும் 20 சதவீதத்துக்கு இறக்குங்கள். வெளுத்த காளான்களைப் பாறையின் நிழல் பக்கம் மாற்றுங்கள். அவை கூழாகிக் கரையாமல் இருக்கும்வரை மீளும் வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு வாரத்துக்கு ஐந்து சதவீதமாக ஏற்றிக்கொண்டே போய், அவை முழுதாக விரிந்திருக்கும் அளவில் நிறுத்திவிடுங்கள். 40 சதவீதத்திலேயே நின்றுவிட்டால் அதுதான் உங்கள் தொட்டியின் அளவு. மீதி வாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டோமே என்று ஏற்றாதீர்கள். விளக்கு நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் எரியும்படி ஒரு டைமரில் மாட்டிவிடுங்கள். நாம் கையால் போட்டு அணைத்தால், விருந்தாளி வந்த நாளில் பன்னிரண்டு மணி நேரமும் ஊருக்குப் போன நாளில் பூச்சியமும் ஆகிவிடும்.

தொட்டிக்குக் கண்ணாடி மூடி இருந்தால் அதையும் பாருங்கள். தெறிக்கும் உப்பு அதில் வெள்ளைப் படலமாகக் காய்ந்து ஒளியைக் கணிசமாக மறைத்துவிடும். வாரத்துக்கொரு முறை ஈரத்துணியால் துடையுங்கள். ஆனால் பல மாதம் துடைக்காத மூடியை ஒரே நாளில் பளிச்சென்று துடைத்தால், அன்றைக்கு மட்டும் திருகைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.