லென்ஸை மாற்றும் முன் ஃபோகஸைப் பாருங்கள்

கேள்வி: கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் பின்னணி அவ்வளவாக மங்கவில்லை என்று 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் வாங்கினேன். கேமரா ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய) சென்சார் கொண்ட டிஎஸ்எல்ஆர். இரண்டு பேரை நிற்க வைத்து எடுத்தால் ஒருவர் முகம்தான் ஷார்ப்பாக வருகிறது. சில படங்களில் கண்ணை விட்டுவிட்டுக் காது தெளிவாக இருக்கிறது. லென்ஸில் பழுதா? திருப்பிக் கொடுத்துவிட்டு எஃப்/1.4 வாங்கலாமா?

பதில்: திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். எஃப்/1.4 பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும், தெளிவாக விழும் பகுதி சுருங்கும், சிக்கல் இன்னும் கூடும்.

எந்த லென்ஸும் ஒரே ஒரு தூரத்தில் இருப்பதைத்தான் முழுக் கூர்மையாகப் பிடிக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் இருப்பவை நம் கண்ணுக்குத் தெளிவாகவே படும். அந்த இடைவெளியைத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்கிறோம். உங்கள் கேமராவில் எஃப்/1.8 வைத்து ஒன்றரை மீட்டரில் நிற்பவரை எடுத்தால் அது மொத்தமே சுமார் ஆறரை சென்டிமீட்டர். கண்ணிலிருந்து காது வரைக்குமே அது போதாது. பக்கத்தில் நிற்பவர் அரை அடி பின்னால் இருந்தால் அவர் கதை முடிந்தது. எஃப்/1.4 வாங்கினால் இந்த ஆறரை ஐந்தாகக் குறையும். கிட் லென்ஸில் 55 மி.மீ., எஃப்/5.6 என்று வைத்தால் அதே தூரத்தில் கிட்டத்தட்ட 17 செ.மீ. கிடைக்கும். ஃபோகஸ் சற்றுத் தவறினாலும் அதில் வெளியே தெரியாமல் போனது அதனால்தான்.

இரண்டு பேரை எடுக்கும்போது பின்னால் நகருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் டெப்த் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மூன்று மீட்டர் தள்ளி நின்று எஃப்/5.6 வைத்தால் 80 செ.மீ. வரை கிடைக்கும், இரண்டு வரிசையாக நின்றாலும் தாங்கும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அமைப்பை) கூட்டுங்கள். படத்தில் கொஞ்சம் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், மங்கிய முகத்தை எல்லோரும் கவனிப்பார்கள்.

காது விஷயம் வேறு. நடு ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வைத்துப் பூட்டிவிட்டு, கேமராவைச் சாய்த்து ஃபிரேமை மாற்றுகிறீர்களா? அப்படிச் சாய்க்கும்போது ஃபோகஸ் தளமும் கூடவே திரும்பி, கண்ணுக்குப் பின்னால் போய் விழும். எஃப்/8-இல் இது தெரியாது, எஃப்/1.8-இல் நன்றாகவே தெரியும். கண்ணுக்கு அருகில் இருக்கும் புள்ளியை நேரடியாகத் தேர்ந்தெடுத்து எடுங்கள்.

இதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்து பாருங்கள். கேமராவை ட்ரைபாடில் வையுங்கள். அச்சடித்த அட்டை ஒன்றை நேராக நிறுத்தி, பக்கத்தில் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, அட்டை இருக்கும் இடம் எந்தக் கோடு என்று குறித்துக்கொள்ளுங்கள். எஃப்/1.8 வைத்து அட்டை மீது ஃபோகஸ் செய்து டைமரில் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனைக்கே அர்த்தமில்லை. எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாக, முன்னால் மட்டுமோ பின்னால் மட்டுமோ தப்பினால் கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில்) பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்த படம் கூர்மையாக வந்தால் லென்ஸில் குறை இல்லை, கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருக்கும் ஃபோகஸ் சென்சாரைத்தான் ஒத்திசைக்க வேண்டும். சில டிஎஸ்எல்ஆர்களில் இதற்கு மெனுவிலேயே வழி உண்டு, இல்லாவிட்டால் வாரண்டியில் சர்வீஸ் சென்டரில் செய்து தரச் சொல்லுங்கள். லைவ் வியூவிலும் மங்கலாகவே வந்தால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்க நினைக்கும் போனில் எஃப்/1.8 கேமரா என்று போட்டிருக்கிறார்கள். அது எஃப்/1.8 லென்ஸுக்குச் சமம்தானே?

பதில்: வெளிச்ச விஷயத்தில் மட்டும் பாதி உண்மை. எஃப் எண் என்பது லென்ஸின் குவிய தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 என்றால் துளை சுமார் 28 மி.மீ. போனில் இருக்கும் லென்ஸின் உண்மையான குவிய தூரம் ஆறு ஏழு மி.மீ. அளவுதான், துளை 4 மி.மீ.கூட வராது. அதனால் ஓர் ஆளை எடுத்தால் பின்னால் இருக்கும் சுவரும் சேர்ந்தே தெளிவாக விழும். போர்ட்ரெய்ட் மோடில் பார்க்கும் மங்கல் மென்பொருள் பூசுவது. அங்கே எஃப்/1.4-இலிருந்து எஃப்/16 வரை விரலால் நகர்த்தும்போது லென்ஸுக்குள் எதுவும் அசைவதில்லை. 2018-இல் வந்த சாம்சங் கேலக்சி எஸ்9-ஐப் போல உண்மையாகவே துளை மாறும் போன்களும் உண்டு, ஆனால் அவை குறைவு.

பூச்சு என்பதற்காக மோசம் என்று சொல்லவில்லை. கடையிலேயே சோதித்துப் பாருங்கள்: கூட வந்தவரின் கலைந்த முடி ஓரம், மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, இடுப்பில் கை வைத்தால் நடுவில் தெரியும் சந்து. சந்துக்குள் பின்னணி மங்காமல் நின்றாலோ, கண்ணாடி விளிம்பு கரைந்துபோனாலோ விளம்பரத்தை நம்ப வேண்டாம். அப்புறம் ஒரு தாளில் உள்ள எழுத்தைக் கிட்டே வைத்து எடுங்கள். பெரிய சென்சார் போன்கள் சில இதில்தான் தடுமாறும்: நடு எழுத்து தெளிவு, ஓரம் மங்கல்.

கேள்வி: பின்னணி நன்றாக மங்க ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறலாமா?

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அதே ஃபிரேம், அதே எஃப் எண்ணில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (எஃப்/2.8-க்கும் எஃப்/2-க்கும் உள்ள அளவு) வித்தியாசம்தான் கிடைக்கும். ஆளைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் நகர்த்தி நிற்க வைத்தால் செலவில்லாமல் மங்கும்.

கேள்வி: பழைய எம்42 திருகு லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. என் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாமா?

பதில்: யோசித்துச் செய்யுங்கள். லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை எம்42-க்கு 45.46 மி.மீ. வேண்டும். உங்கள் கேமராவின் நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5, அதாவது லென்ஸ் ஒரு மி.மீ.க்கு மேல் தள்ளியே நிற்கும். நடுவில் லென்ஸ் கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் கிட்டத்தில் இருப்பவை மட்டுமே ஃபோகஸ் ஆகும், தூரத்து மலை கடைசி வரை மங்கல்தான். கண்ணாடி வைத்த அடாப்டர் அதைச் சரிசெய்யும், ஆனால் மலிவானவற்றில் கூர்மை போய்விடும். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாததால் அந்தத் தூரம் குறைவான) கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கையால் ஃபோகஸ் செய்ய உதவும் பீக்கிங்கும் (தெளிவான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) பெரும்பாலும் அவற்றில் இருக்கும்.

எப்படியும் வாங்குவதென்றால் டார்ச் அடித்துப் பார்த்து உள்ளே பூஞ்சை இழை இல்லை என்று உறுதி செய்யுங்கள். அப்பர்ச்சர் (துளையைச் சுருக்கும்) தகடுகளில் எண்ணெய் இருக்கக் கூடாது. ஃபோகஸ் வளையம் முழுச் சுற்றும் ஒரே இறுக்கத்தில் ஓட வேண்டும். நடுவில் எங்காவது பிடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.